திக்னஸ் பிளேனர் வாங்கும் முன் பக்கத்து மரமில்லுக்கு ஒருமுறை போய் வாருங்கள்

போன மார்ச்சில் திருவொற்றியூரிலிருந்து காட்பாடிக்கு வீடு மாறினோம். சாமான் ஏற்றிய லாரியில் கட்டில், பீரோவோடு என் மரவேலைச் சாமான்களும் வந்தன. இரண்டு இழைப்புளி, ஒன்பது உளி, பதினாறு கிளாம்ப், ஒரு சிறிய டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு மெஷின்), அப்புறம் எதற்காவது ஆகும் என்று ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த துண்டு மரங்கள். அங்கே மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு மூலையில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். இங்கே வீட்டோடு ஒரு கார் ஷெட் இருக்கிறது, 10 அடிக்கு 16 அடி. எங்களிடம் கார் இல்லை. வீடு பார்க்க வந்த அன்று அந்த ஷெட்டைப் பார்த்ததுமே இந்த வீடுதான் என்று முடிவு செய்துவிட்டேன், சமையலறையை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஷெட் கிடைத்ததும் முதலில் தோன்றியது, ஒரு திக்னஸ் பிளேனர் வாங்கிவிட வேண்டும் என்பதுதான். சொரசொரப்பான பலகையை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் ஒரே கனத்தில் வழவழவென்று வெளியே தள்ளும் இயந்திரம் அது. கையால் இழைத்தே தோள்பட்டை வலி கண்டவர்களுக்கு அந்த ஆசை புரியும். விலை எங்கள் நாலு மாத வாடகைக்கு மேல். இரண்டு மாதம் அதற்காகப் பணம் ஒதுக்கி வைத்தேன், வீடியோ வீடியோவாகப் பார்த்தேன், கடைசியில் வாங்கவில்லை. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் எட்டு நிமிடத்தில், சித்தூர் போகும் சாலையை ஒட்டி ஒரு மரமில் இருக்கிறது, அதுதான் காரணம். இந்த விமர்சனம் முக்கியமாக அந்த மில்லின் வேலையைப் பற்றியது. மில்காரர் தன் பெயரையும் போன் நம்பரையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஆனால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று நீங்கள் எங்கே இருந்தாலும் பக்கத்தில் இப்படி ஒரு மில் இருக்கும், அதில் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை போனபோது வாசலில் நிலைக்கதவுக்கான சட்டங்கள் அடுக்கியிருந்தன. உள்ளே பேண்ட் சா, அதாவது வளையமான பட்டை பிளேடு சுற்றி அறுக்கும் பெரிய மெஷின், ஓடிக்கொண்டிருந்தது, பேசினால் கேட்காது. மில்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, ஆளு யாரும் வரலையா?” என்றார். “நான்தான் பாய் வேலை செய்யறேன், வீட்ல பட்டறை போடறேன்” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன பலகையை எடுத்து, ஒரு கண்ணை மூடி, ஓரத்தோடு நீளவாக்கில் பார்த்தார். பிறகு அதை என் கையில் கொடுத்து, “நீயே பாரு, முறுக்கு எங்க கீதுன்னு சொல்லு” என்றார். நானும் அதே மாதிரி பார்த்து, வலது முனையில் ஒரு மூலை தூக்கியிருப்பதைக் காட்டினேன். “அதான்” என்று சொல்லிவிட்டு பலகையை மெஷின் பக்கம் கொண்டுபோனார். அன்றிலிருந்து இன்று வரை, எந்தப் பலகையையும் என்னிடம் காட்டாமல் அவர் மெஷினில் ஏற்றியதில்லை. இதைத்தான் முதல் பாராட்டாகச் சொல்வேன்.

இப்போது முக்கியமான விஷயம். மில்லில் இழைக்க இரண்டு மெஷின் இருக்கும், ஒன்று சர்ஃபேஸ் பிளேனர், இன்னொன்று திக்னஸ் மெஷின். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். வளைந்த பலகையை நேராகத் திக்னஸ் மெஷினில் விட்டால், உள்ளே இருக்கும் உருளைகள் அதை அழுத்தித் தட்டையாக்கிப் பிடித்துக்கொள்ளும், கத்தி மேல் பக்கத்தைச் சீவும், வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். கனம் ஒரே அளவாக இருக்கும், வளைவு அப்படியே இருக்கும். அதனால் முதலில் சர்ஃபேஸ் பிளேனரில் ஒரு முகத்தை நேராக்க வேண்டும், அந்த முகத்தைக் கீழே வைத்துத்தான் திக்னஸில் விட வேண்டும். நிலை, ஜன்னல் சட்டம் செய்பவர்களுக்கு இவ்வளவு துல்லியம் தேவைப்படுவதில்லை, அதனால் நாம் கேட்காவிட்டால் அவர்கள் திக்னஸில் மட்டும் விட்டுத் தந்துவிடுவார்கள். “முதல்ல சர்ஃபேஸ்ல ஒரு முகம், ஒரு ஓரம் மட்டம் எடுத்துக் கொடுங்க” என்று சொல்லிக் கேளுங்கள். கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். கையில் மூலைமட்டம் கொண்டுபோய் அங்கேயே வைத்துப் பாருங்கள், நல்ல மில்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மரம் வாங்கும்போது கன அடிக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 10 அடி நீளம், 5 அங்குலம் அகலம், 3 அங்குலம் கனம் என்றால் 150, அதை 144-ஆல் வகுத்தால் 1.04 கன அடி. இது இழைப்பதற்கு முந்தைய அளவு. 3 அங்குலத்துக்குப் பணம் கொடுத்து வீட்டுக்கு வரும்போது அது 2¾ அங்குலமாகத்தான் இருக்கும், யாரும் ஏமாற்றவில்லை, மீதி சீவலாகப் போய்விட்டது. ஆகவே நமக்கு வேண்டிய கனத்துக்கு மேல் கால் அங்குலம் சேர்த்தே வாங்க வேண்டும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. திக்னஸ் மெஷினில் பலகை நுழையும்போதும் வெளியேறும்போதும் முனையில் இரண்டு மூன்று அங்குலம் கொஞ்சம் ஆழமாகச் சீவி விடுகிறது. இது எல்லா மெஷினிலும் ஓரளவு உண்டு, இந்த மில்லில் சற்று அதிகம். அதனால் ஒவ்வொரு பலகையையும் அரையடி கூடுதல் நீளத்தில் கொடுத்து, இழைத்த பிறகு முனைகளை வெட்டிவிடுகிறேன். கத்தியில் எங்காவது சிறு பொக்கை விழுந்திருந்தால் பலகை நெடுகக் குண்டூசி கனத்துக்கு ஒரு கோடு மேடாக நிற்கும், வீட்டில் கை இழைப்புளியால் இரண்டு இழுப்பில் போய்விடும், அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கூட்டம் உண்மையிலேயே ஒரு பிரச்சினை. ஆவணியிலும் தையிலும் கிரகப்பிரவேச வேலைகள் குவிந்துவிடும், நம்முடைய நாலு பலகையை யாரும் தொட மாட்டார்கள். ஆடியில் போனால் மில்லே காலியாக இருக்கும், நிதானமாக நின்று வேலை வாங்கலாம். என் வொர்க் பெஞ்சுக்கான மரம் முழுவதும் ஆடியில்தான் இழைத்தேன். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மூடியிருக்கும், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் போவதும் வீண்.

வொர்க் பெஞ்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறையில் என் பணத்துக்கு முழுப் பலன் தந்தது அதுதான். புது மரத்தில் செய்யவில்லை. ஆற்காடு பக்கம் பழைய வீடு இடித்த சாமான்கள் விற்கும் கடை ஒன்றில், மெட்ராஸ் டெரஸ் கூரையை (மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) தாங்கிய தேக்குச் சட்டங்கள் கிடைத்தன. ஐந்து சட்டம், ஒவ்வொன்றும் 10 அடி, மேலே சொன்ன அதே 5-க்கு 3. சுவருக்குள் இருந்த முனைகள் மட்டும் மக்கியிருந்தன, இரண்டு பக்கமும் அரையடி வெட்டியதும் 9 அடி நல்ல மரம் மிஞ்சியது. அதில் ஐந்தரை அடி மேல்பலகைக்கு, மூன்றரை அடி காலுக்கு. ஐந்து சட்டத்தைப் பக்கத்தில் பக்கம் ஒட்டினால் ஏறக்குறைய 2 அடி அகலம் வந்துவிடுகிறது, காலுக்கு நாலு போக ஒரு துண்டு மிச்சம். பல பத்தாண்டுகள் கூரையில் காய்ந்த மரம், இனி சுருங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் பழைய மரத்தை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஆணி பார்க்காமல் போகக் கூடாது. பாய் தூரத்தில் பார்த்ததுமே, “பழைய சாமானா, வேணாம்மா, பிளேடு போயிரும்” என்று கையை ஆட்டினார். அவர் பயம் நியாயமானது. உள்ளே ஒடிந்த ஒரு ஆணி இருந்தால் பேண்ட் சா பிளேடின் பற்கள் வரிசையாக வழித்துக்கொண்டு போகும், பிளேடு அறுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. அன்று சட்டங்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு சட்டத்தின் நாலு முகத்திலும் ஒரு விரல் இடைவெளியில் மெதுவாக நகர்த்தினேன். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சுண்ணாம்புக் கறைக்கு அடியில் கரும்புள்ளி மாதிரி ஒரு தலை இருக்கும். ஐந்து சட்டத்தில் முப்பத்தேழு ஆணி எடுத்தேன். சில ஆணிகள் தலையே இல்லாமல் உள்ளே இருந்தன, அவற்றைச் சுற்றிச் சிறிய உளியால் பொளித்து, குறட்டால் பிடித்து, இடுக்கில் ஒரு மரத்துண்டை வைத்து நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு மில்லுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பாய் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார், பிறகு தன் காந்தத்தை எடுத்துத் தானும் ஒருமுறை தேய்த்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் மெஷினைப் போட்டார். கறுத்து அழுக்கேறிய மேல்தோல் போனதும் உள்ளே தேன் நிறத்தில் தேக்கு தெரிந்தது. அந்த எண்ணெய் வாசனை மில் முழுக்கப் பரவி, பேண்ட் சாவில் நின்ற பையன்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

பெஞ்சின் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே இருக்கிறதோ அது. எனக்கு 32 அங்குலம் வந்தது. கையால் இழைக்கும்போது உடம்பின் பாரம் இழைப்புளி மேல் இறங்க வேண்டும், உயரம் கூடினால் தோள்தான் உழைக்கும். கால்களின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மேல்பலகைத் துளையில் இறக்கினேன், ஆணியோ ஸ்க்ரூவோ கிடையாது. நாலு பேர் தூக்கினால்தான் நகரும், எவ்வளவு வேகமாக இழைத்தாலும் அசையவில்லை.

பெஞ்சில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், கடையில் வாங்கியது இல்லை. ராணிப்பேட்டை பக்கம் பெல் தொழிற்சாலையையும் சிப்காட்டையும் நம்பி நிறைய லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் செய்து வாங்கினேன். சென்ட்ரிங் வேலையில் சாரத்துக்கு அடியில் வைக்கும் ஸ்க்ரூ ஜாக்கி இருக்கிறதல்லவா, அதன் தண்டும் நட்டும்தான் மூலப்பொருள். ஒரு வாடகைக் கடையில் பழசாக ஒன்று வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நட்டை 6 மில்லிமீட்டர் தகட்டில் வெல்டு வைத்து, தகட்டில் நாலு ஓட்டை போட்டு, தண்டின் தலையில் கைப்பிடிக்கு ஒரு துளையும் போட்டுத் தந்தார்கள். அங்கே இருந்த தம்பி, “அக்கா, ஜாக்கி மரை முரடா இருக்கும், ஒரு தடவை அரம் போட்டுடறேன்” என்று தானாகவே சொல்லி, மரையின் விளிம்புகளைத் தேய்த்துக் கொடுத்தான். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. வீட்டில் பெஞ்சின் இடது முன்காலோடு சேர்த்து, மிச்சமிருந்த ஐந்தாவது துண்டைத் தாடையாகப் பொருத்தினேன். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்கிறது, அதனால் பத்து சுற்றில் திறந்து மூடிவிடலாம். மெழுகுவர்த்தியை மரையில் தேய்த்து விட்டால் போதும், எண்ணெய் போட்டால் மரத்தூள் ஒட்டிக் களிம்பாகிவிடும். கடையில் விற்கும் வைஸோடு ஒப்பிட்டால் பிடி இதற்குத்தான் அதிகம். யாராவது கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மின்சாரம் பற்றி எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது அது. என் டேபிள் சா 1800 வாட், 230 வோல்ட்டில் ஓடும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர் எடுக்கும். ஆனால் சுவிட்ச் போட்ட அந்த நொடியில் மோட்டார் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மீட்டரிலிருந்து ஷெட்டுக்கு எண்பது அடி தூரம். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும் என்று இழுத்துவிட்டுப் போனார். சா போடும்போதெல்லாம் ஷெட் விளக்கு மங்கியது, மோட்டார் முக்கி முனகித்தான் வேகம் எடுத்தது. வோல்ட்டேஜ் குறைவாகத் தொடங்கும் மோட்டார் சூடாகும், சீக்கிரம் கெடும். கேட்டதற்கு இங்கே வோல்ட்டேஜே அப்படித்தான் என்றார். வேறொருவரைக் கூப்பிட்டு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, தனி எம்.சி.பி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) வைத்தோம். மோட்டாருக்கு சி வகை எம்.சி.பி கேளுங்கள், பி வகை என்றால் தொடங்கும் அந்த இழுப்பிலேயே விழுந்துகொண்டிருக்கும். இப்போது விளக்கு அசைவதில்லை. இரண்டு முறை கூலி கொடுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் கோடையில் மண் பொடியாகக் காய்ந்துவிடும், காய்ந்த மண் மின்சாரத்தை உள்வாங்காது. உப்பும் கரியும் போட்ட எர்த் குழியில் சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம்.

வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போகும் ஊர். ஷெட்டுக்கு மேலே தகரம், மதியம் உள்ளே நிற்க முடியாது. மேலே தென்னங்கீற்று பரப்பிக் கட்டினோம், அதிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தது. வேலை நேரம் காலை ஐந்தரை முதல் எட்டு வரை. அந்த நேரத்தில் மெஷின் போட்டால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அதனால் காலையில் உளி, இழைப்புளி, கைவாள் மட்டும். மெஷின் அறுப்பு எல்லாம் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் முன்பே போய்ச் சொல்லிவிட்டேன், அவர் கேட்டதெல்லாம் முருங்கைச் செடிக்குப் போட மரத்தூள்தான். கடற்கரை ஓரத்தில் இருந்தபோது உளியெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும், இங்கே வந்த பிறகு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆனால் அதே வறட்சி என் மகள் படிக்கும் மேசையைப் பிளந்துவிட்டது. திருவொற்றியூரில் நான் செய்த மேசை, மூன்று பலகை ஒட்டிய மேல்பாகம், கீழே சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு அசையாமல் முடுக்கியிருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம், பக்கத்து அறையில் இருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மேசையின் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு, ஒரு ரூபாய் நாணயம் நிற்கும் அளவுக்கு இடைவெளி. மகள் அதில் விரலை வைத்துப் பார்த்து, “வலிக்குமாம்மா அதுக்கு?” என்றாள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். கடலோரக் காற்றில் ஈரத்தோடு இருந்த பலகை இங்கே வந்து காய்ந்தபோது அகலம் குறையப் பார்த்திருக்கிறது, நான் போட்ட ஸ்க்ரூக்கள் விடவில்லை, அதனால் நடுவில் விட்டுக்கொடுத்தது. ஈரமான ஊரிலிருந்து வறண்ட ஊருக்கு மாறுபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். மேல்பலகை போடும்போது ஸ்க்ரூ துளையை வட்டமாகப் போடாமல், பலகை அகலத்தின் திசையில் நீண்ட துளையாகப் போட்டால், மரம் போய்வர இடம் கிடைக்கும். புது மேல்பலகையை அப்படித்தான் செய்தேன். மில்லிலிருந்து வந்த மரத்தையும் உடனே அறுக்காமல், ஷெட்டில் இடையிடையே குச்சி வைத்து மூன்று வாரமாவது அடுக்கி வைத்துவிட்டுத்தான் தொடுகிறேன். அடியில் ஹாலோ பிளாக் வைத்துத் தூக்கி வையுங்கள், தரையோடு வைத்தால் கரையான் ஏறிவிடும்.

கூர்ப் பிடிப்பதற்கு நான் செய்த செலவு மிகக் குறைவு. சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்று இருந்தது, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி இழைப்புளியின் அடிப்பாகத்தை மட்டம் செய்தேன். உளிக்கு 1000 கிரிட்டில் ஒரு கல், 4000-இல் ஒரு கல் (எண் கூடினால் கல் நைசாக இருக்கும்), முனைக்கோணம் 25-லிருந்து 30 டிகிரிக்குள். கடைசி மெருகுக்குத் தோல். தோல் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் நம் பக்கம்தான். தெரிந்தவர் மூலம் ஒரு கை அகலத்தில் வெட்டுத்துண்டு ஒன்று கிடைத்தது. மரப்பட்டையில் பதனிட்ட, கெட்டியான தோலாகப் பார்த்துக் கேளுங்கள், ஷூவுக்குப் போகும் மெத்தென்ற தோல் உளியின் முனையை மழுக்கிவிடும். தோலை ஒரு பலகையில் சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி ஒட்டி, பச்சை நிற பாலிஷ் சோப்பு தடவி, உளியைப் பின்பக்கமாக மட்டும் இருபது முறை இழுத்தால் முன்கை முடியை மழிக்கும் கூர்மை வரும். நாலாம் நம்பர் இழைப்புளியில் (கடைசி வழவழப்புக்கு உள்ள சைஸ்) அந்தக் கூர்மையோடு தேக்கை இழைக்கும்போது சீவல் வெங்காயத்தோல் மாதிரி, அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து தெரியும் அளவுக்கு மெலிதாக, ஒரே நீளமாகச் சுருண்டு வரும். அந்த நேரத்தில் வரும் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன்.

தூசியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூளை விட, வெளிச்சக் கீற்றில் மட்டும் மிதக்கும் நுண்தூசிதான் நுரையீரலுக்குள் போவது. அறுக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் என்-95 மாஸ்க், அதுவும் மூக்கருகே இடைவெளி இல்லாமல். ஷெட்டின் பின்வாசலில் ஒரு பெடஸ்டல் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்திருக்கிறேன், தூசியை உள்ளே சுழலவிடாமல் வெளியே இழுக்கும். பெரிய இழைப்பு வேலை மில்லில் முடிந்துவிடுவதால் வீட்டில் தூசியும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, பிளேனர் வாங்காததில் நான் எதிர்பார்க்காத லாபம் இது.

டேபிள் சா பற்றி ஒன்றே ஒன்று. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகட்டைச் சிலர் இடைஞ்சல் என்று கழற்றி வைக்கிறார்கள். அறுபட்ட மரம் பின்னால் சேர்ந்து பிளேடைக் கவ்விக்கொண்டால் பலகை நம் வயிற்றை நோக்கிப் பறந்து வரும், அதைத் தடுப்பதுதான் அந்தத் தகடு. கழற்றாதீர்கள். கையால் தள்ளாதீர்கள், தள்ளுவதற்கு ஒரு குச்சி செய்துகொள்ளுங்கள்.

மரம் எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, இந்தப் பக்கம் வேம்பும் பூவரசும் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டும் நல்ல மரங்கள், வேம்பு இழைக்கும்போது தொண்டை கசக்கும், அவ்வளவுதான். வரப்பில் வளர்ந்த இளம் தேக்கு மலிவாக வரும், ஆனால் அதில் வெளிப்புற வெள்ளைப் பகுதிதான் அதிகம், அது உளுத்துப்போகும், உள்ளே வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு என்று முனையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழகுவதற்கு பைன்வுட் பேலட் போதும், கம்பெனிகளிலிருந்து கழித்தது கிடைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையில் எச்.டி (HT) என்றிருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எந்த மரம் வாங்கினாலும் பில் வாங்குங்கள், செம்மரம் என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிளேனருக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெஞ்ச், வைஸ், ஒயரிங் எல்லாம் முடிந்து, இன்னும் கொஞ்சம் கையில் இருக்கிறது. அதில் புரட்டாசியில் ஒரு முழு வேப்பமரத்தின் அடிப்பாகத்தை வாங்கி, பாய் மில்லிலேயே ஒரு அங்குலப் பலகையாக ஆறு அறுத்தோம். மில்லின் பின்பக்கம் நிழலில், பலகைக்குப் பலகை குச்சி வைத்து, முனைகளில் பெயின்ட் அடித்து அடுக்கியிருக்கிறார். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, இந்த ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே காயும் என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. மேல் பலகையில் சாக்பீஸால் தேதியை எழுதி, “அடுத்த புரட்டாசிக்கு வாம்மா, அதுக்கு முன்ன கேட்டாலும் தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.